எர்த் ஒயருக்கு அடியில் நெயில் பாலிஷ்

மதியம் இரண்டரை மணி. கிடங்குகளுக்குப் பின்னால் போகிற ரோடு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஷட்டர்கள் எல்லாம் இறங்கிக் கிடந்தன. லாரி இல்லை, ஆள் இல்லை, ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. அந்த வெயிலில்... ரோட்டோரமாக ஒரே ஒரு கார் நின்றுகொண்டிருந்தது.

இப்படித்தான் ஆரம்பித்தேன். உடனே டியூஷன் டீச்சர் குறுக்கே விழுந்தார்.

"மதியமா? பேய்க் கதைன்னு சொல்லிட்டு மத்தியானத்துல ஆரம்பிக்கிறீங்க?"

"ஏன் டீச்சர், பேய்னா நைட் ஷிஃப்ட் மட்டும்தான் பாக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கரண்ட் போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டதாம், விடிந்தால்தான் வருமாம். எங்கள் அபார்ட்மென்ட்டில் பாதிப் பேர் பாயும் தலையணையுமாக மொட்டை மாடிக்கு வந்துவிட்டோம். சார்ஜ் போய்விடும் என்று போன் டார்ச்சைக்கூட அணைத்துவிட்டு, இருட்டில் ஒருத்தர் முழங்கால் இன்னொருத்தர் மேல் படுகிற மாதிரி நெருங்கி உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாவது மாடிக்காரர் மட்டும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. தங்கமான மனுஷன். ஆனால் என்ன பேச ஆரம்பித்தாலும் கடைசியில் அவர் காரில்தான் வந்து நிற்கும். புரோக்கர் மூலம் வாங்கிய பழைய கார். அன்று காலையில்தான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த எர்த் ஒயர் எல்லாவற்றையும் தன் கையாலேயே மாற்றியிருந்தார். கட்டை விரல் தடிமனில் புது ஒயர் வரவழைத்திருந்தார். "லைட்ட பாருங்க சார், எட்டிப் பாருங்க, பகல் மாதிரி இல்ல?" என்று காலையிலிருந்து யாரையும் விடவில்லை. கீழே அந்தக் கார் எஞ்சின் ஓட நின்றுகொண்டிருந்தது. புழுக்கத்தில் கைக்குழந்தை விடாமல் அழுததால், அவர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஹெட்லைட் வெளிச்சம் காம்பவுண்டு சுவரில் வெள்ளையாக அடித்தது.

எர்த் ஒயர் என்ற வார்த்தையைக் கேட்டபிறகு என் வாய் சும்மா இருக்குமா? அவரைக் கொஞ்சம் பயமுறுத்திப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் கதையை எடுத்தேன்.

என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது இது. கார் எலெக்ட்ரீஷியன். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, டெஸ்டர் இருக்கும். அதனால் பெயரே டெஸ்டர் ஆகிவிட்டது. வேலையில் கெட்டிக்காரர். ஒரே ஒரு வியாதி, எதை மூடினாலும் இறுக்கி மூடுவார். அவர் மூடிய காபித்தூள் டப்பாவை வீட்டில் வேறு யாராலும் திறக்க முடியாது. குழாயை அடைத்தால் அக்கா இரண்டு கையாலும் திருக வேண்டும்.

"இப்படி இறுக்குனா அப்புறம் யாருங்க தொறக்கிறது?" என்று அக்கா கத்தாத நாள் கிடையாது.

"லூசா இருந்தா தப்பு. டைட்டா இருந்தா என்ன தப்பு?" என்பார்.

அவரிடம் ஒரு கார் வந்தது. மருந்துக்கடைக்காரர் ஒருவருடையது. யாரிடமோ வாங்கிய பழைய கார்தான். ஹெட்லைட் மங்கல். ரேடியோவைப் போட்டால் கரகர என்று இரைச்சல், இரைச்சலுக்கு அடியில் யாரோ முனகுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் அந்தக் கதவு லாக்... கதவின் ஓரத்தில் குமிழ் மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருக்குமே, அது. கார் சும்மா நிற்கும்போது நான்கு குமிழும் லேசாக நடுங்கும். கீழே இறங்கப் பார்க்கும், முடியாமல் மறுபடி நின்றுவிடும். சாவியைக் கையில் எடுத்த பிறகும் நடுங்கும்.

"வித்தவரு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாருங்க. ஒயரிங்ல மட்டும் கை வைக்காதீங்க, லைட் மங்கலா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்னாரு" என்றார் மருந்துக்கடைக்காரர்.

டெஸ்டர் சிரித்தார். அவருக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. பேட்டரியிலிருந்து கிளம்புகிற கரண்ட் எங்கே சுற்றினாலும் கடைசியில் காரின் இரும்பு உடம்பு வழியாகப் பேட்டரிக்கே திரும்ப வேண்டும். அந்த உடம்பையும் பேட்டரியையும் சேர்க்கிற கறுப்பு ஒயர்தான் எர்த் ஒயர். அது சரியில்லை என்றால் காரில் எதற்குமே பலம் இருக்காது. லைட் மங்கும், ஹாரன் இழுக்கும், லாக் நடுங்கும். அவ்வளவுதான் விஷயம்.

பானெட்டைத் திறந்தார். பேட்டரிக்குக் கீழே, ஒயரின் முனை போல்ட் போட்டு உடம்போடு முடுக்கியிருந்தது. ஒயரோ சுண்டு விரல் தடிமனில் பாதி. போல்ட்டைக் கழற்றினார். அடியில்... துரு இல்லை. அழுக்கு இல்லை. மெரூன் கலரில் ஏதோ பளபளவென்று பூசியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நெயில் பாலிஷ்! ஒரு பூச்சு இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சு, ஒவ்வொன்றையும் காயவிட்டுக் காயவிட்டுப் பூசியிருந்தார்கள்.

"எஞ்சினுக்கு மேக்கப் போட்டிருக்காங்கப்பா" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தார்.

அவர் செய்த தப்பு அதுதான். ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். பெயின்ட்டோ பாலிஷோ இருந்தால் அந்த இடத்தில் கரண்ட் சரியாகப் போகாது என்பது அவருக்குத் தெரியாததா? யாரோ தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று நினைத்தார். தெரிந்தே செய்திருக்கலாம் என்று தோன்றவே இல்லை. நல்ல வேலைக்காரருக்கு அரைகுறை வேலையைக் கண்டால் ஆகாது, வேறென்ன?

உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார். வெள்ளி மாதிரி இரும்பு தெரிகிறவரை தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க ஒரு வாசனை. பாட்டிலைத் திறந்தவுடன் மூக்கில் ஏறுமே, அந்த ஈர நெயில் பாலிஷ் வாசனை. எந்தக் காலத்திலோ காய்ந்து போனது எப்படி மணக்கும்? மணந்தது. அப்புறம் தடிமனான புது ஒயர். பேட்டரியிலிருந்து உடம்புக்கு ஒன்று, எஞ்சினிலிருந்து உடம்புக்கு ஒன்று. போல்ட்டைத் தன் வழக்கப்படி பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினார்.

ஹெட்லைட்டைப் போட்டார். பட்டறைச் சுவரே வெளுத்துவிட்டது.

"சூப்பர்!" என்றார் மூன்றாவது மாடிக்காரர் இருட்டிலிருந்து. "என் காருக்கும் அப்படித்தான் சார் ஆச்சு!"

"பொறுங்க சார், கதை இப்பதான் ஸ்டார்ட் ஆகுது" என்றேன்.

ரேடியோவைப் போட்டார். ஸ்டேஷன் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் இரைச்சலும் இல்லை. முனகலும் இல்லை. யாரோ போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிற மாதிரி... சுத்தமான ஒரு அமைதி. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அணைத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. காரை மருந்துக்கடைக்காரர் வீட்டில் விட வேண்டும். டெஸ்டர் காரில் முன்னால் போக, திரும்பி வருவதற்காக அக்கா ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். அவர்கள் எப்போதும் அப்படித்தான் செய்வார்கள். அவர் போன் ஸ்கூட்டர் டிக்கியில், சாப்பாட்டு டப்பாவோடு. ஸ்பானர், சுத்தியல் எல்லாம் காரின் பின்டிக்கியில். கிடங்கு ரோட்டுக்குத் திரும்புகிற இடத்தில் அக்கா பெட்ரோல் போட நின்றாள். அவர் கொஞ்ச தூரம் போய் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

டக்.

அவர் பக்கத்துக் கதவுக் குமிழ் இறங்கியது. அடுத்து இடது பக்கம்... டக். பின்னால்... டக். கடைசியாகப் பின்சீட்டின் இடது கதவு. டக்.

நடுங்கவே இல்லை. ஒவ்வொன்றும் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. "அட, நல்லாத்தான் வேலை செய்யுது" என்று நினைத்தாராம். குமிழைப் பிடித்து மேலே தூக்கினார். வந்தது. கையை எடுத்தார். டக். மறுபடி தூக்கிப் பிடித்துக்கொண்டே கைப்பிடியை இழுத்தார். குமிழ் விரலுக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு இறங்கியது. கீழிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி.

சாவியைத் திருப்பினார். மீட்டரில் ஒரு விளக்குகூட எரியவில்லை. ஹாரனை அமுக்கினார். சத்தம் இல்லை. கண்ணாடி இறங்கவில்லை. காரில் மற்ற எல்லாம் செத்துவிட்டது, லாக் மட்டும் உயிரோடு இருந்தது. குனிந்து லாக்கின் ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். ஃபியூஸ் இல்லாமல் லாக் வேலை செய்யாது, அது அவருக்குத் தெரியும். லாக்குக்குத்தான் தெரியவில்லை. தூக்கினார். டக்.

மதிய வெயிலில் மூடிய கார் எவ்வளவு சீக்கிரம் சூடாகும் என்று யோசித்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு இழுத்தால் நெஞ்சுவரை சுட்டது. சீட்டில் மல்லாந்து படுத்துக் கண்ணாடியை உதைத்தார். ரப்பர் செருப்பு, வழுக்கி வழுக்கித் திரும்பியது. செருப்பை உதறிவிட்டுக் குதிகாலால் உதைத்தார். கால்தான் வீங்கியது. சட்டைப் பையில் இருந்த டெஸ்டரால் கண்ணாடி ஓரத்தைக் குத்தினார். அது இரண்டாக உடைந்தது. வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டுகூடக் கழுவி வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்ததாம். சாகப் போகிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அப்போது அந்த வாசனை. ஈர நெயில் பாலிஷ். இந்த முறை பின்சீட்டிலிருந்து வந்தது.

ரேடியோ தானாக எரிந்தது. அதே அமைதி. அப்புறம் ஒரு பெண் குரல். கத்தவில்லை, அழவில்லை. கதவைத் தட்டி மாவு சல்லடை கேட்கிற பக்கத்து வீட்டுக்காரி மாதிரி, அவ்வளவு சாதாரணமாக...

"நல்லா இறுக்கிட்டீங்க. இப்பதான் என் கைக்கு வலு வந்திருக்கு."

அவர் பின்னால் பார்க்கிற நடுக் கண்ணாடியில் பார்த்தார். பின்சீட்டில் யாரும் இல்லை. ஆனால் சீட் அமுங்கியிருந்தது. இடது ஓரத்தில், ஒரு ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு.

"போதும் சார்" என்றாள் மாடியில் யாரோ ஒரு பெண். ஆனால் எழுந்து போகவில்லை. டீச்சர் தலையணையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

இதில் என்ன கொடுமை தெரியுமா? அக்கா அப்போதே வந்துவிட்டாள்.

வந்தவள் கிட்டே போகவில்லை. தூரத்திலேயே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டாள். ஏன் என்றால், காரின் பின் கண்ணாடி வழியாக இரண்டு தலை தெரிந்தது. முன்னால் இவர். பின்னால் முடியை விரித்துப் போட்ட ஒரு பெண். நம்மாள் வழியில் எவளையோ ஏற்றிக்கொண்டு, வண்டியை ஓரங்கட்டிக் கதை பேசிக்கொண்டிருக்கிறார் என்று அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பேசி முடிக்கட்டும், அப்புறம் வைத்துக்கொள்கிறேன் என்று ஸ்கூட்டரிலேயே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் உள்ளே கண்ணாடியை அடிக்கிறார். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். ஒரு தலை மட்டும் அசைந்து அசைந்து ஆடியது, சிரிக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டாளாம். இதை என் நண்பனிடம் சொல்லும்போதெல்லாம் அக்கா உடைந்து அழுதுவிடுவாள்.

கடைசியில் பொறுக்க முடியாமல், இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று விறுவிறுவென்று நடந்து வந்தாள். கிட்டே வந்து பார்த்தால்... பின்சீட் காலி. முன்சீட்டில் இவர் மட்டும். முகம் கறுத்து, உதடு வெடித்து, கண்ணாடியில் கன்னத்தை வைத்துச் சாய்ந்து கிடந்தார்.

அக்கா ஹெல்மெட்டால் கண்ணாடியை அடித்தாள். ஹெல்மெட்தான் பிளந்தது. கதவை இழுத்தாள். காலை ஊன்றி இழுத்தாள். அந்தச் சத்தத்தில் அவர் கண் லேசாகத் திறந்தது. கையைக் கீழே விட்டு பானெட் லீவரை இழுத்துவிட்டார். அப்புறம் கண்ணாடிக்கு நேராக விரலைக் காட்டி, கழற்று கழற்று என்று திருகிக் காட்டினார். பேச்சு வரவில்லை.

எலெக்ட்ரீஷியன் பெண்டாட்டி, சொல்லித்தர வேண்டுமா என்ன? ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் இருந்த சின்ன ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடி வந்து பானெட்டைத் தூக்கினாள். பேட்டரியில் கறுப்பு ஒயர் மாட்டியிருந்த நட். அவர் முடுக்கிய நட்! அசையுமா? உள்ளங்கை கிழிந்தது. "இப்படி இறுக்காதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்... எத்தன தடவ சொன்னேன்..." என்று கத்திக்கொண்டே, வீட்டுக் குழாயைத் திருகுவது போல இரண்டு கையாலும் பிடித்து, மொத்த உடம்பையும் போட்டுத் தள்ளினாள். கிரீச் என்றது. அசைந்தது. ஒயரைப் பிடுங்கி எறிந்தாள்.

டக். டக். டக்.

குமிழ்கள் மேலே வந்தன. கதவு திறந்து அவர் தார் ரோட்டில் விழுந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒன்று... மூன்று குமிழ்தான் மேலே வந்தது. பின்சீட்டின் இடது கதவு திறக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"பின்னாடி உக்காந்திருந்த பொம்பள எங்க எறங்குனா?"

அவர் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு தடவை மட்டும், இவ்வளவு இறுக்காதீங்க என்று அக்கா சொல்லவில்லை.

உடம்பு தேறியதும் இருவரும் அந்தக் காரிடம் போய் முதல் வேலையாகத் தடிமன் ஒயரை எடுத்துவிட்டு அந்தப் பழைய ஒல்லி ஒயரையே மாட்டினார்கள். மாட்டுவதற்கு முன்னால் அக்கா தன் கைப்பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்தாள். ரோஸ் கலர். மூலையில் சுரண்டப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்த மெரூனுக்கு மேலேயே ஒரு பூச்சு பூசினாள். காயவிட்டாள். இன்னொரு பூச்சு. பாட்டில் காலியாகிறவரை பூசினாள். குமிழ்கள் பழையபடி நடுங்க ஆரம்பித்தன, ஆனால் இறங்க முடியவில்லை. முதலில் மெரூன் பூசியது யார், பூசினால் அடங்கும் என்று அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது, உள்ளே இருந்தது யார்... எதுவும் தெரியாது. மருந்துக்கடைக்காரரிடம் காரைக் கொடுத்தபோது டெஸ்டர் சொன்னது ஒன்றுதான். "லைட் மங்கலாவே இருந்துட்டுப் போகட்டுங்க." கொஞ்ச நாளில் மருந்துக்கடைக்காரரும் காரை விற்றுவிட்டார்.

நான் நிறுத்தினேன். வழக்கமாக இந்த இடத்தில் "டக்!" என்று கத்தி ஆளைத் தூக்கிவாரிப்போடச் செய்வேன். வாயைத் திறக்கப் போனேன்.

"சார்... என்ன கலர் சொன்னீங்க?"

மூன்றாவது மாடிக்காரர்தான். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"அடியில மெரூன். மேல ரோஸ். ஏன் சார்?"

"காலைல நானும் சுரண்டினேன். மொதல்ல ரோஸா உதிர்ந்துச்சு. அப்புறம் ஓரத்துல மெரூன். கம்பெனியில அடிச்ச பெயின்ட்னு நெனச்சேன் சார்."

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு எங்கள பயமுறுத்துறீங்களா?" என்று டீச்சர் சிரித்தார். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது, நான் விட்ட கதையை எனக்கே திருப்பிவிடுகிறார் என்று. ஆனால் அவர் போனை எடுத்தபோது அந்த வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தேன். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கர் அமுங்கிவிட்டது. மணி அடித்தது. அவர் மனைவி எடுத்தாள். கிசுகிசுப்பாகத்தான் பேசினாள்.

"மெதுவா பேசுங்க. இப்பதான் கண்ண மூடினான்."

"குழந்தைய தூக்கிட்டு உடனே வெளிய வா. இப்பவே வா!"

"ஏங்க? இவ்ளோ நேரம் அந்த அழுகை அழுதான். அவங்க மடியில போட்டதும் கப்புனு தூங்கிட்டான்."

"யாரு மடியில?"

"நீங்கதானே மாடியிலேர்ந்து தொணைக்கு அனுப்புனீங்க? அப்படித்தான் சொன்னாங்க. பின் சீட்ல உக்காந்திருக்காங்க."

நான் மாடியைச் சுற்றிப் பார்த்தேன். எங்கள் பெண்கள் எல்லோரும் இங்கேதான் இருந்தார்கள். யாரும் கீழே போகவில்லை. அவர் போனைச் சுவர் மேல் போட்டுவிட்டுப் படிக்கட்டைப் பார்த்து ஓடினார். இருட்டில் எங்கேயோ மோதி, எழுந்து, மறுபடி ஓடுகிற சத்தம் கேட்டது. போன் துண்டிக்கப்படாமல் சுவர் மேலேயே ஒளிர்ந்துகொண்டிருந்தது.

கீழேயிருந்து... டக். டக். டக்.

"என்னங்க, கதவ நீங்களா லாக் பண்றீங்க?" என்றாள் அவர் மனைவி போனில்.

நான்காவது சத்தம் போனுக்குள்ளேயே, ரொம்பக் கிட்டத்தில் கேட்டது. அதற்கு அப்புறம் இன்னொரு குரல், குழந்தை விழித்துவிடக் கூடாதே என்கிற மாதிரி, மெல்லமாக...

"இருக்கட்டும்மா. உன் வீட்டுக்காரரு நல்லாத்தான் இறுக்கியிருக்காரு."